துரை இன்னும் கிளம்பவில்லை

அரியலூர்
ஆவணி 18, 1946

பூங்காவனத்துக்கு,

நீ கை நிறைய வளையலோடு பஸ் ஏறிப் போனதிலிருந்து வீடு வீடாக இல்லை. கரிப்புகையில் ஓடுகிற அந்த பஸ் வழியில் நின்றுபோய் எல்லாரும் இறங்கித் தள்ளினார்களாமே? பிள்ளைத்தாய்ச்சியையும் இறங்கச் சொன்னார்களா என்று எழுது. உன் தம்பி கொளஞ்சியப்பனுக்கு வாய் இருக்கிறதே தவிர ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லத் தெரியாது.

இங்கே அம்மாவுக்கு முட்டி வலி, மற்றபடி சுகம். ராசு வாசலில் படுத்துக்கொண்டு பஸ் சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்க்கிறது. வெள்ளச்சி உன் தலையணையை விட்டு இறங்குவதில்லை. கிளி உன் பேரைச் சொல்லி, அம்மா கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுகிறது. நாய், பூனை, கிளி எல்லாமே உன்னைத் தேடுகின்றன. நானும்தான். அதைக் கடைசியில் எழுதலாம் என்றிருந்தேன், முன்னாலேயே வந்துவிட்டது.

இன்னொரு செய்தி உண்டு. கோபப்படாமல் படி. போன வாரம் புண்ணாக்கு எடுக்கக் கூட்ஸ் ஷெட்டுக்கு வண்டி கட்டிக்கொண்டு போனோம். தண்டவாளத்து ஓரத்தில் வாய் கட்டிய கோணி ஒன்று கிடந்தது. கிடந்தது என்றா சொன்னேன், தானாக நகர்ந்தது. நம் வண்டிக்காரன் பெரியசாமி, "பாம்புங்க, தொடாதீங்க!" என்று நுகத்தடி மேல் ஏறிக்கொண்டான். நான் கயிற்றை அறுத்தேன். உள்ளே ஒரு கடுவன் பூனை. ஒரு காது கிழிந்து, எலும்பு எண்ணுகிற மாதிரி இருந்தது. வேண்டாத பூனையைக் கோணியில் கட்டித் தூரத்தில் விடுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் கொண்டுபோய்க் கட்டை அவிழ்த்து விடுவார்கள். எந்தப் பாவியோ கட்டியபடியே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். விட்டுவிட்டு வர மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அது கூடம், அடுப்படி, கொட்டகை எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தது. அம்மா பார்த்துவிட்டு, "ஜமாபந்திக்குக் கணக்குப் பாக்க வந்த துரையாட்டமுல்ல பாக்குது!" என்றாள். பேர் அதுவே நிலைத்துவிட்டது. சாம்பல் நிறம், வெளிறிய கண். துரை என்றால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கொஞ்சம் முன்கோபம். அவ்வளவுதான்.

உன்
நடராசன்


பெரம்பலூர்
ஆவணி 23

மாமாவுக்குப் பூங்காவனம் எழுதுவது.

நான் பஸ்ஸைத் தள்ளவில்லை. வேப்பமர நிழலில் உட்கார்ந்து மற்றவர்கள் தள்ளுவதை வேடிக்கை பார்த்தேன். கண்டக்டர் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். உங்களைவிட நல்ல மனுஷர்.

கொஞ்சம் முன்கோபமாம். கொளஞ்சியப்பன் அரியலூர் போய் வந்து என்ன சொன்னான் தெரியுமா? "அக்கா, ராசு மூக்குல மூணு கோடு. வெள்ளச்சி பரண்ல ஏறி உக்காந்துருக்கு, எறங்கவே மாட்டேங்குது. மாமா சோத்தைக் கையில வச்சுக்கிட்டு ஏணியில நிக்கிறாரு." என் தம்பிக்கு விஷயம் சொல்லத் தெரியாது என்று எழுதினீர்களே, நன்றாகத்தான் சொன்னான். சொல்லாமல் விட்டது நீங்கள்.

ராசு கிழட்டு நாய். யார் வம்புக்கும் போகாது. அதன் மூக்கைக் கீறியவனுக்கு நீங்கள் துரை என்று பட்டம் கட்டியிருக்கிறீர்கள். வெள்ளைக்காரத் துரையே கப்பல் ஏறப் போகிறான் என்று இங்கே டீக்கடையில் தினமும் பேசுகிறார்களாம். உங்கள் துரை எப்போது கிளம்புவார்?

சரி, கோணியில் கிடந்ததைத் தூக்கி வந்ததைத் தப்பென்று சொல்லவில்லை. நீங்கள் தூக்காமல் வந்திருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். ஆனால் வந்த அன்றே எல்லாரோடும் சேர்த்து விட்டால் எப்படி? எங்கள் அப்பா புது மாடு ஓட்டி வந்தால் பழைய மாட்டோடு சேர்த்துக் கட்டமாட்டார். கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் தனியாகக் கட்டி, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தீனி வைப்பார். கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவருவார். அப்புறம் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று நக்கிக்கொண்டு நிற்கும். அதை யோசித்துப் பாருங்கள்.

பிள்ளை உதைக்கிற உதையில் என்னால் சாய்ந்து உட்கார முடியவில்லை. உங்கள் வீட்டு ரத்தம். வெள்ளச்சியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டு மறு தபாலில் எழுதுங்கள்.

பூங்காவனம்


அரியலூர்
புரட்டாசி 2

பூங்கா,

வெள்ளச்சி இறங்கிவிட்டது. தானாக இறங்கவில்லை, நான் ஏணியோடு விழுந்தேன், அந்தச் சத்தத்தில் இறங்கிவிட்டது. எனக்கு அடி ஒன்றும் இல்லை.

நீ எழுதியபடியே செய்தேன். கொட்டகையில் ராசுவுக்கு எதிரே முளைக்குச்சி அடித்து, துரையின் இடுப்பில் கயிறு கட்டி, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சோறு வைத்தேன். கயிறு இறுகியதோ இல்லையோ, அந்தப் பூனை எழும்பிய உயரத்தை நீ பார்த்திருக்கவேண்டும். முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, குச்சியும் கயிறுமாகக் கிளிக்கூண்டில் மாட்டிக்கொண்டது. கூண்டு கவிழ்ந்தது. கிளி அம்மா குரலிலேயே கத்தியது. அம்மா எது தன் குரல், எது கிளியின் குரல் என்று தெரியாமல் அடுப்படியில் நின்றபடி பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவிழ்க்கப் போன என் கையில் லேசாக ஒரு கீறல். மஞ்சள் வைத்துக் கட்டியாயிற்று.

பெரியசாமிக்குத்தான் பாவம் பலமாகப் பட்டுவிட்டது. தவிட்டு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு கூடத்தில் நுழைந்தான். அது எங்கிருந்து பாய்ந்தது என்றே தெரியவில்லை, கெண்டைக்காலைக் கவ்விக்கொண்டது. அவன் மூட்டையை என் மேல் போட்டுவிட்டு ஓடினான். அன்றிலிருந்து வாசலில் நின்று, "துரை எங்கிருக்காருங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறான்.

அம்மா சொல்கிறாள்: "வூட்டுல ஒரு புள்ளை வரப்போவுது. இந்தச் சனியனை எங்கியாவது கொண்டு வுட்டுட்டு வாடா." ஒரு விஷயம் மட்டும் உன்னிடம் சொல்கிறேன். நான் மத்தியானம் திண்டில் சாய்ந்திருக்கும்போது அது என் காலடியில் வந்து படுக்கிறது. தொடக்கூடாது. தொட்டால் கீறும். ஆனால் வந்து படுக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் அம்மா கொடுக்கிற கஷாயத்தை ஜன்னல் வழியாக ஊற்றாதே.

நடராசன்


பெரம்பலூர்
புரட்டாசி 8

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் அம்மா வலி வந்துவிட்டதென்று மருத்துவச்சிக்கு ஆள் அனுப்பிவிட்டாள். மாட்டுக்குச் சொன்னதைப் பூனைக்குச் செய்ய, கயிறும் முளைக்குச்சியுமா எடுப்பார்கள்? நல்லவேளை, மூக்கணாங்கயிறு குத்தாமல் விட்டீர்கள்.

இப்போது சொல்வதைச் சரியாகக் கேளுங்கள். அடுப்படிக் கதவைச் சாத்துங்கள். கதவுக்கு உள்பக்கம் வெள்ளச்சிக்கு ஒரு கொட்டாங்குச்சி, வெளிப்பக்கம் துரைக்கு ஒரு கொட்டாங்குச்சி. ஒன்று தின்கிற சத்தம் மற்றதற்குக் கேட்கட்டும், வாசனை தெரியட்டும், முகம் தெரியவேண்டாம். அது பழகின பிறகு கதவை ஒரு விரல் திறந்து வையுங்கள். ராசுவுக்கும் அப்படியே. கயிற்றை எடுத்துப் பரணில் போடுங்கள்.

சிரித்துக்கொண்டே எழுதினாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பூனை பிள்ளையின் மூச்சை உறிஞ்சிவிடும் என்று அம்மா சொல்கிறாள். அதை நான் நம்பவில்லை. ஆனால் பெரியசாமியின் காலைக் கவ்வியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நம்புகிறேன். தையில் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கும்போது அந்த வீட்டில் பயமில்லாமல் தூளி கட்டவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். தைக்குள் அதைப் பழக்கிவிடுங்கள், உங்களால் முடியும்.

லேசாகக் கீறல் என்றீர்களே, எவ்வளவு லேசு?

பூங்காவனம்


அரியலூர்
ஐப்பசி 14

என் பூங்காவுக்கு,

நம் பெண்ணைப் பார்த்துவிட்டு உங்கள் வீட்டிலிருந்து கிளம்பி வந்து இன்னும் கால் தரையில் படவில்லை. பெரியசாமியிடம் சொன்னேன், கூட்ஸ் ஷெட் குமாஸ்தாவிடம் சொன்னேன், தெரியாத ஒரு பஸ் பயணியிடமும் சொன்னேன். அவள் என் விரலைப் பிடித்தாள் பார், விடவே இல்லை. அம்மா, "யாரு சாடைடா?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சின்னதாக இருக்கிறாள் என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

சாந்தா என்ற பேரை அம்மாவுக்கும் பிடித்துவிட்டது. இந்த வீட்டில் ஒருத்தியாவது சாந்தமாக இருக்கட்டும் என்கிறாள். யாரைக் குத்திச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

உன் கொட்டாங்குச்சி வைத்தியம் பலித்துவிட்டது! கதவு இப்போது அரைவாசி திறந்திருக்கிறது. வெள்ளச்சியும் துரையும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே தின்கின்றன. முறைக்கிறதோடு சரி. ராசுவைத்தான் அது இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ராசு தன் கோணிப்பை மேல் போய்ப் படுத்தாலே போதும், இது முதுகைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போய்விடும். ராசு பாவம், வெறுந்தரையில் படுக்கிறது. தைக்குள் எல்லாம் சரியாகிவிடும். நீ கவலைப்படாதே.

நடராசன்


பெரம்பலூர்
ஐப்பசி 17

மாமாவுக்கு,

நமக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து நீங்கள் முழுக்கைச் சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. ரேஷனில் துணி கிடைக்காத காலத்தில் யாரிடம் இரவல் வாங்கினீர்கள்? பிள்ளையை வாங்கும்போது பொத்தான் கழன்றதே, நான் பார்க்கவில்லை என்றா நினைத்தீர்கள்? கேட்டதற்குக் கருவேல முள் என்றீர்கள். அம்மா எதிரில் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

முள் குத்தினால் முழங்கை வரை வீங்காது. கொளஞ்சியப்பன் விசாரித்து வந்துவிட்டான். கீறல் இல்லையாம், துரை கடித்ததாம். சீழ் வைத்து, டாக்டர் கீறிவிட்டு, நீங்கள் காய்ச்சலில் கிடந்தீர்களாம். கை போயிருக்கும் என்றாராம் டாக்டர். நான் இங்கே பிள்ளையைப் பெற்றுக்கொண்டிருந்தபோது நீங்கள் அங்கே கிடந்திருக்கிறீர்கள். எனக்கு எழுதியதெல்லாம் லேசான கீறல், கவலைப்படாதே!

பெரிய ஆளின் கையையே இப்படிச் செய்த பல், என் பிள்ளையை என்ன செய்யும்? அவள் கை என் பெருவிரல் அளவு இருக்கிறது. நான் பூனை வெறுக்கிறவள் இல்லை. வெள்ளச்சியைப் பஞ்சில் பால் நனைத்து ஊட்டி வளர்த்தவள் நான்தான். ஆனால் அது இருக்கிற வீட்டுக்கு என் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வரமாட்டேன். அம்மா சொல்லி எழுதவில்லை, நானே எழுதுகிறேன்.

நீங்கள் பொய் சொன்னதுதான் பூனையைவிட எனக்கு வலிக்கிறது. இனிமேல் உடம்புக்கு ஏதாவது என்றால் எனக்கு முதலில் சொல்லவேண்டும்.

பூங்காவனம்


அரியலூர்
ஐப்பசி 20

பூங்காவனத்துக்கு,

நீ சொன்னது அத்தனையும் சரி. பொய் சொல்லியிருக்கக்கூடாது. நீ பயப்படுவாய் என்று மறைத்தேன், பயப்படுத்திவிட்டேன். கை ஆறிவிட்டது. இந்தக் கடிதத்தை அந்தக் கையால்தான் எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்தால் தெரியும்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் தர்மராஜ் என்று முந்திரித் தோப்புக்காரர் ஒருவர், எலித் தொல்லைக்குப் பூனை வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விட்டுவிடுகிறேன். நீ நிம்மதியாக இரு.

நடராசன்


அரியலூர்
ஐப்பசி 26

பூங்கா,

துரை இன்னும் கிளம்பவில்லை. கிழித்துப் போடாமல் முழுக்கப் படித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குக் கிளம்பி, பூனையைக் கொண்டுபோக வழக்கம்போல் ஒரு கோணியை எடுத்தேன். வேறு எதில் கொண்டுபோவது? கூடத்தில் நின்று தூசி போக ஒரு உதறு உதறினேன். துரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நிமிர்ந்து கோணியைப் பார்த்தது. பாயும் என்று நான் கையை மறைத்துக்கொண்டேன். பாயவில்லை, பூங்கா. அதற்கு மூத்திரம் போய்விட்டது. நின்ற இடத்திலேயே. அப்புறம் ஓடியது. கதவு திறந்துதான் இருந்தது, வெளியே ஓடவில்லை. வாசலில் படுத்திருந்த ராசுவின் வயிற்றுக்கும் சுவருக்கும் நடுவில் போய் முகத்தைப் புதைத்துக்கொண்டது. எந்த ராசுவின் மூக்கைக் கீறியதோ அதே ராசு.

ராசு எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தது, அப்புறம் தலையைத் திருப்பி அதன் கிழிந்த காதை ஒரு நக்கு நக்கியது.

எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. பெரியசாமி தோளில் என்ன இருந்தது? தவிட்டு மூட்டை. ராசு எதில் படுத்திருந்தது? கோணிப்பை. என் கையைக் கடித்தபோது நான் அதன் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது யார் மேலும் பாயவில்லை, மறுபடியும் உள்ளே போட்டுக் கட்டப் போகிறார்கள் என்று பாய்ந்திருக்கிறது. குடியானவன் வீட்டில் எங்கே திரும்பினாலும் கோணிதான். அது எங்கே போகும்?

அன்றைக்கே அத்தனை கோணியையும் வாரிப் பக்கத்து வீட்டுக் குருநாதன் கொட்டகையில் போட்டுவிட்டேன். தவிடு பானையில் இருக்கிறது. கடலையைப் பறித்து வந்து கூடத்தில் அப்படியே குவித்திருக்கிறேன், வேண்டியவர்கள் மிதித்துக்கொண்டு நடக்கலாம். அம்மா எனக்குப் பைத்தியம் என்கிறாள். ஆனால் நேற்று அவளே துரைக்குக் கருவாட்டுத் தலை போட்டாள்.

நீ வந்த புதுசு ஞாபகம் இருக்கிறதா? நெல்லுக் குதிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, சாப்பிடக் கூப்பிட்ட என் கையைக் கடித்தாயே. நான் யாரிடமும் சொல்லவில்லை.

உன்னைவிடவும் சாந்தாவைவிடவும் எனக்குப் பூனை பெரிதில்லை. முடிவு உன்னுடையது. இன்னும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதை என் மடியில் வைத்துக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரம் வரை பஸ்ஸில் போவேன், கடித்தாலும் சரி. கோணியில் மட்டும் போடமாட்டேன். சொல், செய்கிறேன்.

நடராசன்


பெரம்பலூர்
கார்த்திகை 9

மாமாவுக்கு,

பதில் எழுத ஏன் இத்தனை நாள் என்று கேட்காதீர்கள். எழுதி எழுதிக் கிழித்தேன். அம்மா என் எதிரில் நின்று, "முடியாதுன்னு எழுதுடி" என்றாள். முடியாது என்று எழுதினால் அது எனக்கே பிடிக்கவில்லை. சரி என்று எழுதக் கை வரவில்லை.

முதலில் ஒன்று. என்னையும் பூனையையும் ஒரே தட்டில் வைத்து எழுதியிருக்கிறீர்கள். நேரில் வந்து அதற்குப் பதில் சொல்கிறேன். நான் கடிக்கவில்லை. உங்கள் கை என் வாயருகே வந்தது.

ஆனால் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது வாஸ்தவம். அன்றைக்கு எல்லாரும் வந்து வந்து கூப்பிட்டீர்கள். கூப்பிடக் கூப்பிட நான் இன்னும் உள்ளே ஒடுங்கினேன். அத்தை மட்டும் ஒன்றும் பேசவில்லை. ஒரு தட்டில் சோறும் சுண்டவத்தல் குழம்பும் வைத்து, என் எதிரே தள்ளிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள். அதனால்தான் சாப்பிட்டேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அத்தையிடம்கூட.

கோணியைப் பார்த்து அதற்கு மூத்திரம் போனது என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தை மட்டும் என்னால் தாண்ட முடியவில்லை.

அது இருக்கட்டும். நான் சரி என்று சொல்லிவிட்டதாக நினைக்கவேண்டாம். என் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன். தூளி உள்ளறையில்தான். அந்த அறைக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுங்கள், இப்போதிருக்கிறது தள்ளினால் திறந்துகொள்கிறது. கொளஞ்சியப்பனிடம் ஒரு துணி கொடுத்தனுப்புகிறேன். என் பழைய புடவைக் கிழிசல், சாந்தா அதில்தான் படுத்திருந்தாள், துவைக்கவில்லை. துரை சாப்பிடுகிற இடத்தில் போட்டு வையுங்கள். பசு புதுக் கன்றை மோந்து பார்த்துத்தானே சேர்க்கும்? ஆள் வருவதற்கு முன்னால் வாசனை வரட்டும்.

சாந்தா சிரிக்கிறாள். காற்றைப் பார்த்துச் சிரிக்கிறாள், அதுவும் உங்களைப் போலத்தான்.

பூங்காவனம்


மணப்பாறை
தை 8, 1947

பூங்கா,

கார்டில் எழுதுகிறேன், இடம் இல்லை. பொங்கல் முடிந்து மாடு வாங்க மணப்பாறை வந்தேன். இந்தச் சந்தையில் மனசுக்குப் பிடித்த ஜோடி அமையவில்லை. அடுத்த சந்தை வரை சித்தப்பா வீட்டில் தங்கிப் பார்த்துவிட்டு வருகிறேன். வந்ததும் பெரம்பலூர் வந்து உங்கள் இருவரையும் கூட்டிப் போகிறேன். தாழ்ப்பாள் போட்டாயிற்று. உன் துணியைத் துரை மோந்து பார்த்தது, நாள் முழுக்க மோந்தது, அப்புறம் அதன் மேலேயே படுத்துக்கொண்டது. திருப்பிக் கேட்காதே, தராது. அம்மா தனியாகத்தான் இருக்கிறாள், பெரியசாமி பார்த்துக்கொள்கிறான்.

நடராசன்


அரியலூர்
தை 13

மாமாவுக்கு,

மேலே ஊர்ப் பேரை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நான் நம் வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன்.

உங்கள் கார்டு வந்த மறுநாளே, அத்தைக்குக் காய்ச்சல் என்று பஸ் கண்டக்டர் சொல்லிவிட்டுப் போனார். அந்த வீட்டில் ஒரு டம்ளர் வெந்நீர் கொடுக்க ஆள் இல்லை என்று நினைத்தேன், கிளம்பிவிட்டேன். அம்மா வாசல் வரை வந்து சத்தம் போட்டாள். அப்புறம் அவளே கொளஞ்சியப்பனைக் கூட அனுப்பினாள். அத்தைக்கு இப்போது தேவலாம், கஞ்சியில் உப்பு இல்லை என்று குறை சொல்லுகிற அளவுக்கு.

வந்து இறங்கியதும் ராசு என் காலைச் சுற்றிச் சுற்றி வந்து முனகியது. வெள்ளச்சி கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டது, சாயங்காலம் மடிக்கு வந்துவிட்டது. துரை குதிர் மேல் உட்கார்ந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது. உள்ளறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். கொளஞ்சியப்பன் போனபிறகு, இந்த வீட்டில் நானும் காய்ச்சல்காரியும் பிள்ளையும் அதுவும்தான் என்று நினைத்து, தாழ்ப்பாளை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.

நேற்றுக் காலையில் அத்தைக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். தூளியில் சாந்தா அழுதாள். இதோ வருகிறேன் என்று கொதிக்கிற பானையை இறக்கினேன். அதற்குள் அழுகை நின்றுவிட்டது. தானாக நிற்கிறவள் இல்லை அவள். திரும்பிப் பார்த்தால் உள்ளறைக் கதவு திறந்து கிடக்கிறது. நான்தான், கைநிறையச் சாமானோடு வரும்போது தாழ் போட மறந்திருக்கிறேன்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. தூளிக்கு நேர் கீழே துரை. சாந்தாவின் கால் தூளிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அது தலையை அண்ணாந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தது, மூக்குக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும். மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து ஓங்கிவிட்டேன். அடிக்கத்தான் ஓங்கினேன், மாமா. கொல்லுகிற ஆத்திரம்.

அது சீறவில்லை. ஓடவுமில்லை. தரையோடு தரையாகப் படுத்து, கிழிந்த காதையும் நல்ல காதையும் மடக்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டது. அடி விழட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது. முதுகு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

என்னால் அடிக்க முடியவில்லை. துடைப்பம் கையிலிருந்து விழுந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை மாதமாக நான்தான் அதற்குப் பயந்துகொண்டிருந்தேன். என்னைப் பார்த்து ஒரு உயிர் கண்ணை மூடிக்கொண்டு நடுங்கும் என்று நான் நினைத்ததே இல்லை. மேலே தூளியில் சாந்தா, ஒன்றும் நடக்காத மாதிரி, தன் பாட்டுக்கு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். நான் கையை ஓங்கியதை அவள் பார்த்திருப்பாளோ என்று இருந்தது. அவளுக்கு என்ன தெரியும், ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. நான் பேசவில்லை, தொடவில்லை. அடுப்படிக்குப் போய் அதன் கொட்டாங்குச்சியில் சோறும் கருவாடும் பிசைந்து, கூடத்தில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். தின்கிற சத்தம் கேட்டது.

அதற்காகத் தாழ்ப்பாளை மறந்துவிடுவேன் என்று நினைக்கவேண்டாம். பிள்ளை நடக்கிற வரைக்கும் அந்தக் கதவு மூடித்தான் இருக்கும். ஆனால் துரை எங்கேயும் போகவேண்டாம். அத்தையிடமும் சொல்லிவிட்டேன். "ம்க்கும், இப்பதான் தெரிஞ்சுதாக்கும்?" என்றார்கள்.

நீங்கள் சந்தையில் சுழி பார்ப்பீர்கள், பல் பார்ப்பீர்கள், நடை பார்ப்பீர்கள். எனக்காக இன்னொன்றும் பாருங்கள். யாராவது கையை ஓங்கினால் கண்ணை மூடிக்கொள்கிற மாடு அங்கே ஏதாவது நிற்கும். ஜோடி சேராவிட்டாலும், ஊர் சிரித்தாலும் பரவாயில்லை, அதை ஓட்டிக்கொண்டு வாருங்கள். கொட்டகையில் இடம் இருக்கிறது.

பூங்காவனம்